டி4 முழுக் காயம், 10-வது வாரம்: திடீர் தலைவலி, கால் துடிப்பு, கதீட்டர், மோஷன் – வீட்டுக்குப் போகும் முன் தெளிவு வேண்டும்

வீட்டுத்துணை – கேள்வி

அண்ணனுக்கு வயது 31. டி4 மட்டத்தில் (மார்புப் பகுதியின் 4-வது மட்டம்) தண்டுவடக் காயம், ஏஐஎஸ் ஏ, அதாவது முழுக் காயம் என்று எழுதியிருக்கிறார்கள். முதுகில் ராடு, ஸ்க்ரூ வைத்து அறுவை முடிந்து 10 வாரம் ஆகிறது. இரண்டு வாரத்தில் டிஸ்சார்ஜ். கைகள் இரண்டும் நன்றாக இருக்கின்றன. மார்புக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. வீட்டில் பார்த்துக்கொள்ளப் போவது நானும் அம்மாவும்தான்.

மூன்று நாள் முன்பு திடீரென்று தலை வெடிக்கிற மாதிரி வலி. முகமும் கழுத்தும் சிவந்து வியர்த்துக் கொட்டியது. பிபி 160/95, வழக்கமாக 100/60-தான் இருக்கும். மயக்கம் வரப்போகிறதோ என்று தட்டையாகப் படுக்க வைத்தோம், இன்னும் அதிகமானது. பிறகு பார்த்தால் யூரின் பை குழாய் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. நேராக்கியதும் 10 நிமிடத்தில் அடங்கிவிட்டது. இது என்ன? மறுபடி வந்தால் என்ன செய்வது?

மற்ற சந்தேகங்கள்: இரண்டு வாரமாகக் கால் தானாக உதறுகிறது, முழங்கால் மடங்குகிறது. நரம்பு திரும்புகிறதா? நடக்க வருமா? ஃபோலி கதீட்டரை (உள்ளேயே விட்டுவைத்திருக்கும் யூரின் குழாய்) எடுத்துவிட்டு நாளுக்கு 5, 6 தடவை குழாய் விட்டு எடுக்கச் சொல்கிறார்கள். அது எதற்கு, எப்படி? மோஷனுக்குத் தினமும் இரண்டரை மணி நேரம் ஆகிறது, அப்படியும் மதியம் கசிகிறது. இடது பிட்டத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு சிவப்பு இருக்கிறது. வீல்சேரிலிருந்து இறங்கி ஒரு மணி நேரம் கழித்தும் போகவில்லை. வலி இல்லை என்கிறார்.

---

மறுவாழ்வுச் செவிலி – பதில் 1

கடைசியாக எழுதியதை முதலில் எடுக்கிறேன், அதற்கு இன்றே செய்ய வேண்டியது இருக்கிறது.

அந்தச் சிவப்பின் மேல் விரலை 3 நொடி அழுத்தி எடுத்துப் பாருங்கள். அழுத்திய இடம் வெளுத்துப் பிறகு சிவந்தால் ரத்த ஓட்டம் இன்னும் இருக்கிறது. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அது முதல் நிலைப் படுக்கைப்புண். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ கருநீலமாகவோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பாருங்கள். அழுத்தம் எடுத்து 30 நிமிடத்தில் மறையாத எந்த நிறமாற்றமும் எச்சரிக்கைதான். ஒரு மணி நேரம் ஆகியும் போகவில்லை என்றால், அது முழுதாக மறையும்வரை அந்தப் பக்கம் உட்காரக் கூடாது. "ஒரு மணி நேரம் மட்டும்" என்று கூட வேண்டாம். வலது பக்கம், குப்புற, அல்லது வலப்பக்கம் 30 டிகிரி சாய்த்துப் படுக்கை. தோல் கிழிந்தாலோ கொப்புளம் வந்தாலோ அன்றே காட்டுங்கள். அழுத்தம் தோலைவிட எலும்பை ஒட்டிய தசையைத்தான் முதலில் கொல்கிறது; மேலே நாணயம் அளவு தெரியும்போது உள்ளே அதைவிடப் பெரிதாக இருக்கலாம். தேய்த்து மசாஜ் செய்யாதீர்கள், எண்ணெய் போட்டு அழுத்தாதீர்கள். நடுவில் ஓட்டை உள்ள ரப்பர் வளையம் வேண்டவே வேண்டாம். அது சுற்றிலும் ரத்தத்தை இறுக்கி, காக்க வேண்டிய நடுப்பகுதியையே பட்டினி போடும்.

"வலி இல்லை" என்கிறாரே, அதுதான் இந்தக் காயத்தின் மையமான ஆபத்து. நாம் எல்லோரும் தூக்கத்தில் கூடப் புரண்டு படுக்கிறோம், நாற்காலியில் நெளிகிறோம். உடம்பு உள்ளிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறது. அண்ணனுக்கு அந்தச் செய்தி மேலே வராது. உணர்வு செய்துவந்த வேலையை இனி கடிகாரமும் கண்ணாடியும் கையும் செய்ய வேண்டும். காலையில் எழுந்ததும், இரவு படுக்கும் முன்னும், நீளக் கைப்பிடி போட்ட கண்ணாடியால் வால் எலும்பு, இரண்டு பிட்ட எலும்பு, இடுப்புப் பக்க எலும்பு, குதிகால், கணுக்கால் ஆகிய இடங்களை அவரே பார்க்கப் பழக்குங்கள். படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்புதல். தோல் தாங்குகிறது என்று உறுதியானால் மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டலாம். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் அந்தரத்தில் நிற்கட்டும். 1944-ல் மருத்துவர் லுட்விக் குட்மன் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டெவில் மருத்துவமனையில் தண்டுவடப் பிரிவைத் தொடங்கியபோது, இரவும் பகலும் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவதைக் கட்டாயமாக்கினார். அதுவரை இந்தக் காயம் பட்டவர்களில் பெரும்பாலோர் புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும்தான் இறந்தார்கள்.

இனி அந்தத் தலைவலி. அதன் பெயர் ஆட்டோனமிக் டிஸ்ரெஃப்ளெக்ஸியா. டி6 அல்லது அதற்கு மேல் காயம் பட்டவர்களுக்கு வருவது. கீழே ஏதோ ஒன்று உறுத்துகிறது. பெரும்பாலும் நிரம்பிய மூத்திரப்பை. காயத்துக்குக் கீழே உள்ள தண்டுவடம் அதற்குத் தன்னிச்சையாகப் பதில் சொல்லி ரத்தக்குழாய்களை இறுக்குகிறது, பிபி ஏறுகிறது. மூளை அதை அடக்க அனுப்பும் கட்டளை காயத்தைத் தாண்டி இறங்குவதில்லை. அதனால் காயத்துக்கு மேலே முகம் சிவப்பு, வியர்வை, மூக்கடைப்பு, சில நேரம் நாடி மெதுவாகிறது. கீழே தோல் வெளுத்துச் சில்லிட்டு மயிர்க்கூச்செறியும். பிபியின் வழக்கமான மேல் அளவைவிட 20 முதல் 40 கூடினாலே பெரியவர்களுக்கு இதுதான் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அண்ணனுக்கு 100 இயல்பு என்றால் 130-ஐப் பார்த்து "நார்மல்தானே" என்று விடக் கூடாது. கவனிக்காமல் விட்டால் வலிப்பு, மூளையில் ரத்தக்கசிவு வரை போகும்.

மறுபடி வந்தால் தயவுசெய்து படுக்க வைக்காதீர்கள். உடனே நிமிர்த்தி உட்கார வைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள். ரத்தம் கீழே இறங்கிப் பிபி கொஞ்சம் குறையும். பெல்ட், வயிற்றுக் கட்டு, காலில் கட்டிய யூரின் பையின் வார், சாக்ஸ், ஷூ எல்லாவற்றையும் தளர்த்துங்கள். ஒருவர் 2 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பிபி பார்க்கட்டும், மற்றவர் காரணத்தைத் தேடட்டும். முதலில் யூரின்: குழாய் மடிப்பு, யூரின் பை நிரம்பியிருப்பது, அடைப்பு. குழாய் அடைத்திருந்தால் உடல் சூட்டில் உள்ள 10 முதல் 15 மில்லி சலைன் மட்டும் மெதுவாக விட்டுப் பார்க்கலாம், வயிற்றை அமுக்காதீர்கள். வடியவில்லை என்றால் குழாயை மாற்ற வேண்டும். குழாயே இல்லாதவர் என்றால் மரத்துப்போகச் செய்யும் 2 சதவீத லிக்னோகெய்ன் ஜெல் விட்டு, 2 நிமிடம் பொறுத்து, கதீட்டர் போடுங்கள். யூரினில் கோளாறு இல்லை என்றால் அடுத்து மோஷன்: அதே ஜெல்லைத் தடவி, 2 நிமிடம் காத்திருந்து, மென்மையாக விரலால் பாருங்கள். ஜெல் இல்லாமல் தொட்டால் அந்தத் தொடுதலே பிபியை இன்னும் ஏற்றும். அப்புறம் தோல், உள்ளே வளர்ந்த கால் நகம், உடையின் மடிப்பு, விரைப்பை நசுங்குதல்.

மேல் அளவு 150-ஐத் தொட்டும் காரணம் கிடைக்கவில்லை என்றால், மருத்துவர் எழுதிக்கொடுத்த அவசர மாத்திரையைக் கொடுத்து உடனே மருத்துவமனை. டிஸ்சார்ஜுக்கு முன் அந்த மருந்தைக் கேட்டு வாங்குங்கள். சில்டெனாஃபில் வகை (ஆண்மைக் குறைவுக்கான) மாத்திரை எடுத்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அவசர மருந்து நைட்ரேட் வகையாக இருந்து அதோடு சேர்ந்தால் பிபி பாதாளத்துக்குப் போய்விடும். அடங்கிய பிறகும் 2 மணி நேரம் கவனியுங்கள். ஒரு அட்டையில் இத்தனையும் எழுதி, அவருடைய இயல்பான பிபியையும் குறித்து வீல்சேர் பையில் வையுங்கள். அவசரப் பிரிவில் எல்லோருக்கும் இது பழக்கமாக இருக்காது. அட்டையைக் காட்டிப் பேசத் தயங்காதீர்கள்.

வீல்சேரில் உட்கார்ந்திருக்கும்போது 20 நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஊன்றிப் பிட்டத்தைத் தூக்கச் சொல்லுங்கள்.

---

இயன்முறை மேசை – பதில் 2

மேலே சொன்னதில் தலைவலிப் பகுதியை அச்சடித்துச் சுவரில் ஒட்டுங்கள். கடைசி வரியைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு. வீல்சேரில் இருப்பவர்கள் யாராவது எழுதுவார்கள் என்று விட்டுவைக்கிறேன்.

கால் துடிப்பு. காயம் பட்டதும் தண்டுவடம் அதிர்ச்சியில் மௌனமாகிவிடும். தசைகள் துணி மாதிரி தொங்கும். சில வாரத்தில் அந்த அதிர்ச்சி விலகும்போது காயத்துக்குக் கீழே உள்ள அனிச்சைகள் மூளையின் கட்டுப்பாடு இல்லாமல் விழித்துக்கொள்கின்றன. போர்வை உரசினால் முழங்கால் மடங்கும், பாதத்தைத் தொட்டால் கால் உதறும். இது ஸ்பாசம். நரம்பு இணைந்ததற்கு அடையாளம் இல்லை. குடும்பத்தினர் இதைப் பார்த்து நம்பிக்கை கொள்வது இயல்பு. அதனால் வித்தியாசம் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்கிறேன்: யாரும் காலைத் தொடாமல், போர்வை விலக்கி, அவர் கண்ணை மூடியிருக்க, "வலது கட்டை விரலை மேலே தூக்கு" என்று சொல்லுங்கள். சொன்ன உடனே, சொன்ன விரல் மட்டும், மூன்று தடவை சொன்னால் மூன்று தடவையும் அசைந்தால் அது கட்டளைக்குக் கட்டுப்பட்ட அசைவு. உடனே பிசியோவிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் அனிச்சை.

ஏஐஎஸ் ஏ என்பதன் பொருள், தண்டுவடத்தின் கடைசிப் பகுதியான எஸ்4-5-ல் உணர்வும் அசைவும் இல்லை என்பது. ஆசன வாயைச் சுற்றித் தொடு உணர்வு, ஊசிக் குத்து உணர்வு, உள்ளே விரலின் அழுத்தம் தெரிகிறதா, வேண்டுமென்று இறுக்க முடிகிறதா என்று பார்த்துத்தான் முழுக் காயமா, பகுதிக் காயமா என்று முடிவு செய்கிறார்கள். அங்கே ஊசிக் குத்து தெரிவது நடை மீள்வதற்கான நல்ல அறிகுறிகளில் ஒன்று. 10 வாரத்துக்குப் பிறகும் டி4-ல் ஏ என்றே இருந்தால், காலால் நடந்து புழங்கும் வாய்ப்பு மிகக் குறைவு. மழுப்பிச் சொல்வது உங்களுக்கு நல்லதில்லை என்பதால் நேராக எழுதுகிறேன். மீட்சி முதல் 3 முதல் 6 மாதத்தில் வேகமாகவும், பிறகு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு வரை மெதுவாகவும் நடக்கும். அதனால் டிஸ்சார்ஜின்போதும் 6-வது மாதமும் 12-வது மாதமும் அதே பரிசோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடக்கலாம் என்று யாராவது விளம்பரம் காட்டினால் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். முழுக் காயத்தில் நடையைத் திருப்பித் தரும் என்று நிறுவப்பட்ட ஸ்டெம் செல் சிகிச்சை எதுவும் இல்லை.

அதே நேரம், டி4 உள்ள ஒருவர் உடுத்துவது, குளிப்பது, கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவது, யூரின், மோஷன் பார்ப்பது, கையால் இயக்கும் கார் ஓட்டுவது எல்லாம் பிறர் துணை இல்லாமல் செய்யலாம். இதுதான் இப்போது குறி. ஆகவே நீங்களும் அம்மாவும் எல்லாவற்றையும் செய்துகொடுப்பது அன்பாகத் தோன்றினாலும் அவர் கையைக் கட்டிப்போடுவதாக ஆகிவிடும்.

ஸ்பாசத்தைத் தினமும் நீட்டல் பயிற்சியால் அடக்கலாம். மல்லாந்து படுக்கவைத்து ஒரு காலை நேராகத் தூக்கித் தொடையின் பின்தசையை நீட்டுங்கள். வேகம் வேண்டாம், மெதுவாகத் தூக்கி, 30 நொடி பிடித்து, 3, 4 தடவை. இலக்கு 100 முதல் 110 டிகிரி. அவ்வளவு நீண்டால்தான் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து பேண்ட் போட முடியும். பின்தசை குட்டையாக இருக்க உட்கார வைத்தால் இடுப்பு பின்னால் உருண்டு, முழு எடையும் வால் எலும்பின் மேல் விழும். புண் அங்கே தொடங்கும். இடுப்பின் முன்தசைக்குக் குப்புறப் படுப்பதைவிட நல்லது இல்லை. ராடு வைத்திருப்பதால் அறுவை செய்தவரிடம் கேட்டுவிட்டு, 10 நிமிடத்தில் தொடங்கி 30 நிமிடம் வரை கூட்டுங்கள். இப்போதுள்ள பிட்டச் சிவப்புக்கும் அது மருந்து.

பலம் போடாதீர்கள். எடை தாங்காத கால் எலும்பு முதல் ஓரிரு ஆண்டில் வேகமாகச் சத்து இழக்கும்; முழங்காலுக்குச் சற்று மேலும் கீழும் சாதாரண முறுக்கலில் உடைந்து, வலியே தெரியாமல் வீங்கிக் கிடக்கும். இடுப்போ முழங்காலோ சூடாக வீங்கி, நேற்று மடங்கிய அளவு இன்று மடங்கவில்லை என்றால், மூட்டைச் சுற்றித் தசைக்குள் எலும்பு வளர்வதாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கினால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். இரண்டு கெண்டையையும் முழங்காலுக்குக் கீழ் எலும்பு முடிச்சிலிருந்து 10 செ.மீ. கீழே டேப்பால் அளந்து வாரம் ஒருமுறை எழுதுங்கள். 3 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் காலை நீவாமல், பயிற்சி கொடுக்காமல் நேராக மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறலும் சேர்ந்தால் அவசரப் பிரிவு.

ஸ்பாசம் திடீரென்று கூடினால் மாத்திரையைக் கூட்டும் முன் காரணத்தைத் தேடுங்கள்: யூரின் தொற்று, மலச்சிக்கல், புண், கால் நகம். அவருக்கு வலியாகத் தெரிய வேண்டியதெல்லாம் இப்போது ஸ்பாசமாகவும் வியர்வையாகவும்தான் வெளியே வரும். ஸ்பாசத்துக்கான பாக்லோஃபென் கொடுத்திருந்தால் (5 மில்லிகிராம் மூன்று வேளை என்றுதான் பொதுவாகத் தொடங்குவார்கள்) ஒருபோதும் சட்டென்று நிறுத்தாதீர்கள். வலிப்பும் மனக்குழப்பமும் வரும். ஊருக்குப் போகும்போது மாத்திரை தீர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரான்ஸ்ஃபர் (வீல்சேரிலிருந்து கட்டிலுக்கு மாறுவது) பற்றி ஒன்று மட்டும். டி4-க்கு வயிற்று, முதுகுத் தசை வேலை செய்யாது. கையைத் தூக்கினால் சாய்ந்துவிடுவார். பலகை வைத்து நகரும்போது தலை போகும் திசைக்கு எதிராகப் பிட்டம் போகும். கட்டில் இடது பக்கம் என்றால் தலையையும் தோளையும் வலது முன்பக்கம் தாழ்த்த வேண்டும்; அப்போது பிட்டம் தானாக எழும்பி இடப்பக்கம் போகும். தலையை நிமிர்த்தியபடி இழுத்தால் பிட்டம் பலகையில் உரசிக்கொண்டே போகும், தோல் கிழியும். வீல்சேரைக் கட்டிலுக்கு 20 முதல் 30 டிகிரி கோணத்தில் நிறுத்தி, பிரேக் போட்டு, அந்தப் பக்கக் கைப்பிடியைக் கழற்றி, கால்களைத் தரையில் ஊன்றவைத்து, பிறகு பலகை. நீங்கள் உதவும்போது கக்கத்தில் கைகொடுத்துத் தூக்காதீர்கள், தோள் போய்விடும். முன்னால் நின்று இடுப்பு பெல்ட்டைப் பிடியுங்கள்.

---

நரம்புப்பை – பதில் 3

யூரினும் மோஷனும் என் பகுதி.

டி4-ல் மூத்திரப்பையின் அனிச்சை உயிரோடு இருக்கும். பை சுருங்கும்போது அதன் வாயில் தசை திறக்க வேண்டும். மூளையின் ஒத்திசைவு அறுந்ததால் பை சுருங்கும் அதே நேரம் வாயிலும் இறுகிக்கொள்கிறது. உள்ளே அழுத்தம் ஏறி, சிறுநீர் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்குத் தள்ளப்படும். இதில் வலி இல்லை, காய்ச்சலும் இல்லாமல் போகலாம். சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடும். அதனால்தான் நேரத்துக்கு நேரம் காலி செய்வது. ஃபோலி நிரந்தரமாக உள்ளே கிடந்தால் கிருமி, கல், சிறுநீர்க் குழாய்ப் புண் எல்லாம் கூடும். அண்ணன் கை நன்றாக இருப்பதால் இடைவிட்டுக் கதீட்டர் போடுவதை அவரே செய்ய வேண்டும், நீங்கள் பார்த்துக் கற்றுக்கொண்டால் போதும்.

கதீட்டரின் தடிமன் அளவு 12 அல்லது 14 ஃப்ரெஞ்ச். சோப்புப் போட்டுக் கை கழுவி, முன்தோலைப் பின்னிழுத்து நுனியைத் துடைக்க வேண்டும். ஜெல் விட்ட பிறகு குறியை வயிற்றுப் பக்கமாக நிமிர்த்திப் பிடித்தால் குழாயின் வளைவு நேராகும். கதீட்டர் மெல்லப் போகும், ஓரிடத்தில் தடுக்கும். அது வாயில் தசை. அங்கே தள்ளக் கூடாது. அதே மெல்லிய அழுத்தத்தில் வைத்திருந்து இரண்டு, மூன்று மூச்சு பொறுத்தால் தசை தளர்ந்து குழாய் தானாக வழுக்கிப் போகும். குத்தித் தள்ளுகிறவர்கள்தான் ரத்தம் பார்க்கிறார்கள், பொய்ப் பாதை உண்டாக்குகிறார்கள். யூரின் வந்ததும் இன்னும் 2, 3 செ.மீ. உள்ளே செலுத்துங்கள். ஓட்டம் நின்றதும் எடுத்துவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். மறுபடி சொட்டினால் அங்கேயே நிறுத்துங்கள். அடியில் தங்கும் அந்த மிச்சம்தான் தொற்றின் விதை. முடிந்ததும் முன்தோலை மறக்காமல் முன்னே கொண்டுவாருங்கள். பின்னாலேயே விட்டால் வீங்கிக் குறியின் கழுத்தை நெரித்துவிடும், அவருக்கு வலி தெரியாது.

முதல் வாரம் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டு ஒவ்வொரு அளவையும் எழுதுங்கள். எந்த ஒரு தடவையும் 500 மில்லியைத் தாண்டக் கூடாது. தொடர்ந்து 300-க்குள் வந்தால் 5, 6 மணி நேரமாக நீட்டலாம். 500-ஐத் தாண்டினால் இடைவெளியைக் குறையுங்கள். நாளுக்கு 1.5 முதல் 2 லிட்டர் திரவத்தைப் பரவலாகக் குடிக்கட்டும். ஒரேயடியாக அரை லிட்டர் குடித்தால் கணக்கு கலைந்துவிடும். இடையில் கசிவு வந்தாலோ கதீட்டர் நேரம் நெருங்கும்போதெல்லாம் தலைவலி வந்தாலோ பை அழுத்தம் அதிகம் என்று பொருள். பையைத் தளர்த்தும் மாத்திரை தேவைப்படும். காயம் பட்ட சுமார் 3-வது மாதம் யூரோடைனமிக் பரிசோதனை (பையின் அழுத்தத்தை அளப்பது), ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரக ஸ்கேன். நன்றாக இருக்கிறார் என்று இவற்றை விட்டுவிடாதீர்கள்.

யூரின் கல்ச்சரில் கிருமி என்று வந்ததும் ஆன்டிபயாடிக் வேண்டாம். கதீட்டர் போடுகிறவர்களுக்குப் பையில் கிருமி இருப்பது சாதாரணம். காய்ச்சல், புதிய கசிவு, கூடிய ஸ்பாசம், டிஸ்ரெஃப்ளெக்ஸியா, மந்தம் என்று அறிகுறி இருந்தால்தான் மருந்து.

மோஷன். இரண்டரை மணி நேரம் ஆவதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்: நேரம் மாறிக்கொண்டே இருப்பது, சப்போசிட்டரியை (ஆசன வாயில் வைக்கும் மருந்து) மலத்துக்குள் குத்துவது. மருந்து குடல் சுவரைத் தொட்டால்தான் வேலை செய்யும். சாப்பிட்டு 20 முதல் 30 நிமிடம் கழித்துத் தொடங்குங்கள். சாப்பாடு இரைப்பையில் விழும்போது பெருங்குடல் தானாக அசையும், அதைப் பயன்படுத்திக்கொள்கிறோம். இடப்பக்கம் படுக்கவைத்து, கையுறை, ஜெல் போட்டு, கைக்கெட்டும் மலத்தை முதலில் எடுத்துவிட்டு, பிசகோடில் 10 மில்லிகிராம் சப்போசிட்டரியைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். 15 முதல் 20 நிமிடத்தில், மெத்தை வைத்த கமோடில் உட்கார வையுங்கள். பிறகு விரல் தூண்டல்: ஜெல் தடவிய விரலை 2, 3 செ.மீ. உள்ளே வைத்து, சுவரைத் தொட்டபடி மெதுவாக வட்டமாக 15 முதல் 20 நொடி. ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சுவர் தளர்வது விரலுக்கே தெரியும், காற்றோ மலமோ வரும். 5 முதல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். அடுத்தடுத்து இரண்டு தூண்டலில் ஒன்றும் வரவில்லை, சளி மட்டும் வருகிறது, ஆசன வாய் மூடிக்கொண்டது என்றால் முடிந்தது. மொத்தம் ஒரு மணி நேரத்துக்குள் வர வேண்டும்.

மதியக் கசிவு தண்ணீராக இருந்தால் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். மேலே கெட்டியாக அடைத்திருக்க, அதன் ஓரமாக வழியும் நீராக இருக்கலாம். வயிறு உப்பியிருந்தால், பசி குறைந்தால் எக்ஸ்ரே கேளுங்கள். சென்னா என்ற மலமிளக்கி மாத்திரை கொடுத்தால் வேலை தொடங்க 8 முதல் 12 மணி நேரம் ஆகும். காலை மோஷனுக்கு முந்தைய இரவே கொடுக்க வேண்டும். காலையில் கொடுத்தால் மதியம் கசியத்தான் செய்யும். எதை மாற்றினாலும் ஒரே ஒன்றை மாற்றி, 3 முதல் 5 சுற்று பார்த்த பிறகுதான் அடுத்ததைத் தொடுங்கள்.

---

நாற்காலிச் சக்கரம் – பதில் 4

இயன்முறை மேசை விட்டுவைத்த வரிக்கு வருகிறேன். கையை ஊன்றித் தூக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அழுத்தத்தில் நசுங்கிய திசுவுக்கு ஆக்சிஜன் பழைய அளவுக்குத் திரும்பச் சுமார் 2 நிமிடம் ஆகிறது. கையூன்றி 2 நிமிடம் யாராலும் தொங்க முடியாது. 10, 15 நொடியில் இறங்கிவிடுவார்கள். தோல் பிழைக்காது, தோள் மட்டும் தேயும். இனி அவருக்குத் தோள்தான் கால். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மேசை மேல் முழங்கையை ஊன்றி முன்னால் குனிந்து, மார்பு தொடையை நெருங்கும்வரை, 2 நிமிடம் இருக்கட்டும். முன்னால் குனிய முதுகு அறுவை இன்னும் அனுமதிக்கவில்லை என்றால், சக்கரத்தின் மேல் கை போட்டு ஒரு பக்கம் 2 நிமிடம், மறுபக்கம் 2 நிமிடம் சாயலாம். நீங்கள் பின்னால் நின்று பிடித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் அலாரம் வையுங்கள், "ஞாபகம் இருக்கும்" என்பதை நம்பாதீர்கள்.

இடது பக்கம் மட்டும் சிவந்திருப்பதைக் கவனியுங்கள். இரண்டு பக்கமும் சிவந்தால் நேரம் அதிகம். ஒரு பக்கம் மட்டும் என்றால் பெரும்பாலும் உட்காரும் விதம். அவரை நாற்காலியில் உட்காரவைத்து முன்னாலிருந்து இடுப்பின் இரண்டு முன் எலும்புகளையும் கட்டை விரலால் தொட்டுப் பாருங்கள், இடது கீழே இருக்கும். இருக்கை துணி தொய்ந்திருக்கலாம், நாற்காலி அகலமாக இருந்து ஒரு பக்கம் சரிந்திருக்கலாம், மெத்தை முன்பின் மாறியிருக்கலாம். பின்பாக்கெட், பேண்டின் தடித்த தையல், சட்டைப் பையிலிருந்து விழுந்த பேனா மூடி இவற்றையும் பாருங்கள்.

காற்றறை மெத்தை என்றால் அவர் உட்கார்ந்தபின் பிட்ட எலும்புக்கு நேர் கீழே கையை விட்டுப் பாருங்கள். எலும்புக்கும் அடிப்பலகைக்கும் இடையே 1.5 முதல் 2.5 செ.மீ. இருக்க வேண்டும். குறைந்தால் எலும்பு தரை தட்டுகிறது. பலர் பயந்து காற்றைக் கூட்டி அடைத்துவிடுவார்கள். அப்போது எலும்பு மெத்தைக்குள் அமிழாமல் உச்சியில் நின்று அழுத்தம் இன்னும் கூடும், உடம்பும் ஆடும். வெயில், குளிர், உயரமான இடம் என்று மாறும்போதெல்லாம் கை விட்டுப் பார்க்க வேண்டும்.

நாற்காலி அளவு: இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் நடுவே சுமார் 5 செ.மீ.; பாதத் தட்டு தரையிலிருந்து குறைந்தது 5 செ.மீ. பாதத் தட்டு உயரமாக இருந்தால் தொடை மேலெழும்பி எடை முழுக்கப் பிட்டத்துக்குப் போகும். உட்கார்ந்து சக்கரத்தின் உச்சியில் கை வைத்தால் முழங்கையில் மேற்கைக்கும் முன்கைக்கும் இடையே 100 முதல் 120 டிகிரி கோணம் இருக்க வேண்டும். வீட்டுச் சாய்தளம் ஒரு பங்கு உயரத்துக்கு 12 பங்கு நீளம், 30 செ.மீ. படிக்கு 3.6 மீட்டர். குறுக்கி வைத்தால் தனியாக ஏற முடியாது, இறங்கும்போது முன்னால் கவிழ்வார்.

---

வீட்டுத்துணை – பதில் 5

அனைவருக்கும் நன்றி. அழுத்திப் பார்த்தேன், வெளுக்கவில்லை. இன்று மதியத்திலிருந்து வலது பக்கமும், மருத்துவரிடம் கேட்டுக் குப்புறமுமாகப் படுக்கிறார். இடுப்பும் இடப்பக்கம் தாழ்ந்துதான் இருந்தது. மெத்தையின் உறைக்குள் ஒரு துண்டு மடிந்து கிடந்தது. ஒரு சந்தேகம்: நேற்று சோதனைக்காகக் கதீட்டர் போட்டபோது பகலில் 280, 310 என்று வந்தது, விடியற்காலை மட்டும் 750. இரவு 8 மணிக்குப் பிறகு ஒன்றுமே குடிக்கவில்லை.

---

நரம்புப்பை – பதில் 6

அது இரவு குடித்த தண்ணீர் இல்லை. பகல் முழுக்கத் தொங்கவிட்ட கால்களில் தேங்கிய நீர். தசை அசைந்து மேலே தள்ளாததால் கணுக்காலில் தங்கி, படுத்ததும் ரத்தத்தில் கலந்து, இரவில் யூரினாக இறங்குகிறது. மாலையில் கணுக்காலை விரலால் அழுத்திப் பாருங்கள், குழி விழும். இரண்டு காலும் ஒரே அளவில் வீங்கியிருந்தால் இதுதான். ஒன்று மட்டும் என்றால் மேலே சொன்ன ரத்தக்கட்டி எச்சரிக்கை.

மாலை 6 மணி வாக்கில் படுக்கவைத்துக் கால்களைத் தலையணை மேல் ஒரு மணி நேரம் உயர்த்தி வையுங்கள். இப்போது புண் ஆறும்வரை எப்படியும் படுக்கைதான், அதனால் இந்தக் கணக்கு மாறும்; திரும்ப உட்காரத் தொடங்கும்போது பகலில் அழுத்த சாக்ஸ் உதவும், அதில் மடிப்பு விழாமல் பாருங்கள். படுக்கும் முன் 10 மணிக்கு ஒருமுறை, நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு ஒருமுறை கதீட்டர். 2 மணிக்கு எப்படியும் திருப்பிப் படுக்கவைக்க எழுந்திருப்பீர்கள், இரண்டையும் ஒன்றாக முடித்துவிடலாம். தொடர்ந்து மூன்று இரவு 2 மணி அளவு 300-க்குள் வந்தால், நான்காவது இரவு 3 மணிக்குத் தள்ளிப் பாருங்கள்.